ஐம்பத்தைந்து வினாடிக் கணக்கு



போன ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்து, பொங்கலும் கேசரியும் சாப்பிட்ட பிறகு பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி வைத்தோமே, நினைவிருக்கிறதா? 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. ஏ பிளாக் வாசலில் தொடங்கி, கிளப் ஹவுஸைச் சுற்றி, ஜெனரேட்டர் அறை வழியாகத் திரும்பி வர வேண்டும். மொத்தம் 5 சுற்று. சுற்றுகளை எண்ணும் வேலையும் கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும் வேலையும் என்னிடம் தரப்பட்டன. 36 வருடம் வங்கியில் எண்ணியவர் ஐந்து வரைக்குமா எண்ண மாட்டார் என்று நம் செயலாளர் நம்பியிருப்பார்.

நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். சி பிளாக் பையன் ஒருவன் நான்கு சுற்றும் முன்னாலேயே வந்தான். நான்காவது சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியதும் இரண்டு கைகளையும் தூக்கினான், பிறகு பிரேக் பிடித்து நின்றுவிட்டான். போட்டி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பின்னால் வந்த பிள்ளை அவனைத் தாண்டிப் போய் ஐந்தாவது சுற்றையும் முடித்துப் பரிசை வாங்கிக்கொண்டது. நம் பையனுக்கு இரண்டாம் பரிசு. அதை வாங்கக்கூட அவன் மேடைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அவனுடைய சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. ஒவ்வொரு நாளும் நடைப்பயிற்சிக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அந்த சைக்கிளுக்கும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மனிதரின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரான்ஸ் தேசத்துக்காரர். பெயர் ஜாக் ஆங்க்தில். டூர் டி பிரான்ஸ் என்ற சைக்கிள் போட்டியை முதன்முதலில் ஐந்து முறை வென்றவர். இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நம்மைப் போலக் கணக்கு பார்த்தே வாழ்ந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம்.

முதலில் அந்தப் போட்டியின் கணக்கு முறையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜூலை மாதத்தில் டிவியில் ரிமோட்டை அழுத்திக்கொண்டே வரும்போது நீங்கள் இதைப் பார்த்திருக்கலாம். நூற்றைம்பது, நூற்றெழுபது பேர் வண்ண வண்ண உடையில் தேனீக்கூட்டம் மாதிரி வருவார்கள். கடைசியில் ஒரே பாய்ச்சல். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஒருவர் சக்கர அளவு முன்னால் வந்து ஜெயிப்பார். ஆனால் மறுநாள் பார்த்தால் மஞ்சள் சட்டை வேறு ஒருவரின் தோளில் இருக்கும். ஜெயித்தவர் ஒருவர், முதலிடம் இன்னொருவருக்கா என்று என் பேத்திகூடக் கேட்டாள்.

விஷயம் சுலபம். இந்தப் போட்டி மூன்று வாரம் நடக்கிறது. தினமும் ஒரு கட்டம். ஒவ்வொரு நாளும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் மஞ்சள் சட்டை. நாம் லெட்ஜரில் ஒவ்வொரு வரவு செலவுக்கும் பிறகு இருப்பை எழுதிக்கொண்டே வருவோமே, அதேதான். ஒரு நாள் பெரிய தொகை கட்டினார் என்பதற்காக ஒருவர் பணக்காரர் ஆகிவிட மாட்டார். கடைசி இருப்பு என்ன என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தால் அந்தக் கூட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். முதலில் வந்தவருக்கும் எண்பதாவதாக வந்தவருக்கும் வித்தியாசம் கிடையாது. இல்லாவிட்டால் நூற்றைம்பது பேரும் ஒரு வினாடிக்காக முட்டி மோதிக் கை காலை உடைத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் இடைவெளி விழுந்தால்தான் புது நேரம். இன்றைய விதிப்படி சமவெளியில் முடியும் கட்டங்களில், முன் குழுவின் கடைசி சைக்கிளுக்கும் பின் குழுவின் முதல் சைக்கிளுக்கும் நடுவே 3 வினாடி இருந்தால்தான் இடைவெளி. மற்றக் கட்டங்களில் ஒரு வினாடியே போதும்.

அப்படியானால் கடைசிப் பாய்ச்சலில் ஜெயிப்பவருக்கு என்ன லாபம்? புகழும் பரிசுப் பணமும் உண்டு. அதோடு ஊக்க நேரம் என்று ஒரு சலுகையும் தருவார்கள். இப்போது முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 வினாடி அவர்களுடைய மொத்தத்திலிருந்து கழிக்கப்படுகிறது. நம் கதை நடந்த காலத்தில் சாதாரணக் கட்டத்தை வென்றவருக்கு முழுதாக ஒரு நிமிடம் கிடைத்தது. இந்த ஒரு நிமிடத்தை மறந்துவிடாதீர்கள். பிற்பாடு தேவைப்படும்.

இன்னொரு வகைக் கட்டமும் உண்டு. அதில் கூட்டமாக ஓட்டக் கூடாது. ஒவ்வொருவராகச் சில நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள். காற்றை மறைக்க முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். அவரும் கடிகாரமும் மட்டும்தான். ஆங்க்திலின் சாம்ராஜ்யம் அந்தத் தனி ஓட்டம்தான்.

ஸ்ட்ராபெரி தோட்டத்துப் பையன்

ஆங்க்தில் 1934 ஜனவரி 8 அன்று பிரான்ஸின் வடக்கே நார்மண்டியில், ரூவான் நகரை ஒட்டிய மோன்-சென்-தேன்யான் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கொத்தனார். பிறகு குடும்பம் பக்கத்தில் கேன்காம்புவா என்ற கிராமத்துக்குப் போய் ஸ்ட்ராபெரி பயிரிட்டது. பையன் தொழிற்பள்ளியில் லேத் வேலை படித்தான். தொழிற்சாலையிலும் சேர்ந்தான். ஆனால் மனம் ஒட்டவில்லை. நண்பன் ஒருவன் சைக்கிள் போட்டியில் ஜெயித்து வந்ததைப் பார்த்து இவனும் உள்ளூர்க் கழகத்தில் சேர்ந்தான். ஆந்த்ரே பூஷே என்ற பயிற்சியாளர் அவனுக்குத் தனி ஓட்டத்தின் சூட்சுமங்களைக் கற்றுக்கொடுத்தார்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சாலைப் போட்டியின் அணிப் பிரிவில் பிரான்ஸ் வெண்கலம் வென்றது. அந்த அணியில் 18 வயது ஆங்க்தில் இருந்தார். அடுத்த வருடம் கிராண்ட் பிரீ தெ நாசியோன் என்ற புகழ்பெற்ற தனி ஓட்டப் போட்டி. 140 கிலோமீட்டர். அனுபவசாலிகளே அஞ்சும் தூரம். 19 வயதுப் பையன் இரண்டாவதாக வந்தவரை ஆறு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளி ஜெயித்தான். அதற்குப் பிறகு அதே போட்டியை மொத்தம் 9 முறை வென்றார்.

அவர் சைக்கிள் ஓட்டும் அழகைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. முதுகு தட்டையாக, முழங்கை மடங்கி, கால் விரல்கள் கீழ்நோக்கி. உடம்பின் மேல்பாதி அசையவே அசையாது. வேதனை முகத்தில் தெரியாது. இந்த முகம்தான் பிற்பாடு அவருக்கு வினையாகவும் போனது.

1956இல் ராணுவ சேவையில் இருந்தபோதே மிலான் நகரத்து விகோரெல்லி ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 46.159 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். இத்தாலியின் மாவீரர் ஃபாஸ்டோ கோப்பி 1942இல் வைத்த சாதனை அது. 14 வருடம் அசையாமல் நின்றதை 22 வயது இளைஞர் அசைத்துவிட்டார். 1957இல் முதன்முறையாக டூர் டி பிரான்ஸில் இறங்கினார். முதல் முறையிலேயே பட்டம். இரண்டாமவரைவிட 14 நிமிடம் 56 வினாடி குறைவு.

தேவைக்கு மேல் ஒரு பைசா இல்லை

அடுத்த இரண்டு வருடம் சரியாக வரவில்லை. 1958இல் நோய் வந்து பாதியில் விலகினார். 1959இல் மூன்றாம் இடம். 1960இல் இத்தாலிக்குப் போய் அவர்களுடைய ஜீரோ போட்டியை வென்றார். அதை வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவர்தான். நென்சினி என்ற இத்தாலியரைவிட வெறும் 28 வினாடி குறைவு.

அப்போதிலிருந்து அவருடைய பாணி பிடிபடத் தொடங்கியது. தனி ஓட்டத்தில் பெரிய தொகையாக நேரத்தைச் சம்பாதிப்பார். மலைகளில் எதிராளி எவ்வளவு பாய்ந்தாலும் பதறாமல், சம்பாதித்ததில் எவ்வளவு கொடுக்கலாமோ அவ்வளவு மட்டும் கொடுப்பார். வட்டிக்கு வாங்காமல், கையிருப்பைக் கரைக்காமல் குடும்பம் நடத்துகிறவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி.

1961இல் ஒரு சபதம் போட்டார். முதல் நாளே மஞ்சள் சட்டையை எடுத்துக் கடைசி நாள் வரை கழற்றப் போவதில்லை என்று. முதல் நாள் பிற்பகல் நடந்த தனி ஓட்டத்தில் அதை எடுத்தார். பாரிஸ் வரை கழற்றவே இல்லை. வித்தியாசம் 12 நிமிடம் 14 வினாடி. நாம் என்ன நினைப்போம்? ஊரே மாலை போட்டிருக்கும் என்றுதானே? கூட்டம் கூச்சல் போட்டு எதிர்ப்புக் காட்டியது! விறுவிறுப்பே இல்லை, எல்லாம் கணக்குப்பிள்ளை வேலை என்று ஜனங்களுக்குக் கோபம்.

எனக்கு இதைப் படித்தபோது ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் வருத்தம். ஒரு பிழை இல்லாமல் கணக்கை முடித்தவனைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் எங்கேயும் குறைவுதான்.

1962இல் மூன்றாவது பட்டம், 4 நிமிடம் 59 வினாடியில். 1963இல் ஸ்பெயினின் வுவெல்டா போட்டியையும் வென்று, மூன்று பெரிய நாடுகளின் போட்டிகளையும் வென்ற முதல் மனிதர் ஆனார். அதே 1963இன் டூரில் ஒரு சின்னத் தந்திரம் நடந்தது. அந்தக் காலத்தில் சைக்கிளில் பழுது இருந்தால்தான் வேறு சைக்கிள் மாற்ற அனுமதி. ஃபோர்க்ளா என்ற மலையில் ஏற லேசான சைக்கிள் தேவைப்பட்டது. ஆங்க்தில் பழுது என்று கை காட்டினார். அவருடைய அணி மேலாளர் ஜெமினியானி கியர் கம்பியை வெட்டிவிட்டுப் பழுதைக் காட்டினார். சைக்கிள் மாறியது. அன்று மலை மன்னன் என்று பெயர் எடுத்த பஹாமோந்தெஸைக் கடைசிப் பாய்ச்சலில் முந்தி, கட்டத்தையும் மஞ்சள் சட்டையையும் எடுத்துக்கொண்டார். தணிக்கைக்காரர் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு தெரிந்தவர் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

பூலிடோர் வருகிறார்

இப்போது இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். ரேமோன் பூலிடோர். ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சிரிப்பு. மலையேற்றத்தில் சூரன். ஆனால் எப்போதும் ஏதாவது ஒன்று தவறிப்போகும். ஒன்று சக்கரம் பஞ்சர் ஆகும், இல்லாவிட்டால் யாராவது வந்து மோதுவார்கள். பிரான்ஸ் முழுக்க அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி நேசித்தது. ஜெயித்துக்கொண்டே இருந்த ஆங்க்திலுக்குக் கிடைக்காத அன்பு, தோற்றுக்கொண்டே இருந்த பூலிடோருக்குக் கிடைத்தது. இது ஆங்க்திலைக் கடைசிவரை உறுத்தியது.

1964. அந்த வருடம் ஆங்க்தில் ஏற்கெனவே ஜீரோவை வென்று களைத்துத்தான் டூருக்கு வந்தார். ஒன்பதாவது கட்டம் மொனாக்கோவில், ஒரு விளையாட்டரங்கத்தின் ஓடுதளத்தில் முடிந்தது. அரங்கத்துக்குள் நுழைந்த பிறகும் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். பூலிடோர் முதலில் கோட்டைத் தாண்டினார். முடிந்துவிட்டது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அவர் சுதாரிப்பதற்குள் ஆங்க்தில் பாய்ந்து கட்டத்தை வென்றார். ஊக்க நேரம் ஒரு நிமிடம் அவர் கணக்கில் வரவு.

உங்களுக்கு இப்போது யார் நினைவுக்கு வருகிறார்கள் என்று தெரியும். எனக்கும் அதே முகம்தான்.

அந்தோரா நாட்டில் ஓய்வு நாள். மற்றவர்கள் லேசாகப் பயிற்சி செய்துகொண்டிருக்க, ஆங்க்தில் ஒரு விருந்துக்குப் போய் ஆட்டுக்கறியைச் சாப்பிட்டார். இதற்கிடையே பத்திரிகையில் ஒரு ஜோதிடர் ஆங்க்திலுக்கு 14ஆம் கட்டத்தில் கெடுதல் என்று எழுதியிருந்தார். கணக்கு பார்ப்பவர்தான், ஆனாலும் ஜோதிடத்துக்குப் பயப்படுவார். மறுநாள் 14ஆம் கட்டம். எடுத்த எடுப்பிலேயே என்வலீரா மலை. கால் நகரவில்லை. உச்சியில் ஏறக்குறைய நாலு நிமிடம் பின்னால். இறக்கத்தில் பனிமூட்டம். முன்னால் போன கார்களின் விளக்கை வைத்தே வளைவுகளைக் கணித்து, உயிரைப் பணயம் வைத்து இறங்கி, முன்னால் போனவர்களைப் பிடித்துவிட்டார். அன்றே முடிவுக்குச் சற்று முன்னால் பூலிடோரின் சக்கரக் கம்பி உடைந்தது. சைக்கிள் மாற்றினார், தள்ளிவிட வந்த மெக்கானிக்கின் அவசரத்தில் கீழே விழுந்தார். இரண்டரை நிமிடத்துக்கு மேல் போச்சு. ஜோதிடம் ஆளை மாற்றிப் பலித்துவிட்டது.

மறுநாள் பூலிடோர் மலையில் பாய்ந்து கட்டத்தை வென்று இழந்ததில் பெரும்பகுதியை மீட்டார். அதன்பின் பயோன் நகரத் தனி ஓட்டத்தில் ஆங்க்தில் ஜெயித்து மஞ்சள் சட்டை போட்டார். பூலிடோரைவிட 56 வினாடி கூடுதல் இருப்பு.

ஜூலை 12. பூய் டி டோம். கிளெர்மோன்-ஃபெரான் நகருக்கு அருகே அணைந்துபோன எரிமலை. உயரம் 1,465 மீட்டர். கடைசிக் கிலோமீட்டர்கள் சுவர் மாதிரி செங்குத்து. பாதை முழுக்க ஜனக் கூட்டம். அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கலாம். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஆங்க்தில் மலைச்சுவர்ப் பக்கம், பூலிடோர் பள்ளத்தாக்குப் பக்கம். அன்று ஆங்க்திலிடம் சுத்தமாகச் சக்தி இல்லை. பின்னால் ஒதுங்கி ஓட்டினால் அது பூலிடோருக்குத் தெரிந்துவிடும். அதனால் பக்கத்திலேயே, சமமாக, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஏறினார். கையில் காசில்லாதவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. பூலிடோர் அந்த முகத்தை நம்பிவிட்டார். உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதுதான் பாய்ந்தார். 42 வினாடி மீட்டார். 56இல் 42 போக மிச்சம் 14. மஞ்சள் சட்டை 14 வினாடியில் ஆங்க்திலிடமே தங்கியது. இன்னும் ஒரு கிலோமீட்டர் முன்னால் பாய்ந்திருந்தால் கதையே வேறு என்று இன்றும் பேசுகிறார்கள்.

கடைசி நாள், வெர்சாய் முதல் பாரிஸ் வரை 27.5 கிலோமீட்டர் தனி ஓட்டம். ஆங்க்தில் ஜெயித்தார். பூலிடோர் 21 வினாடி பின்னால். தனி ஓட்டத்தை வென்றதற்கு ஊக்க நேரம் 20 வினாடி. கூட்டிப் பாருங்கள். 14, 21, 20. மொத்தம் 55 வினாடி.

மூன்று வாரம், 127 மணி 9 நிமிடம் 44 வினாடி ஓட்டி, கடைசி வித்தியாசம் 55 வினாடி. வினாடியை ரூபாயாக வைத்துக்கொண்டால் 4,57,784 ரூபாய் புழங்கிய கணக்கில் 55 ரூபாய் வித்தியாசம். அதுவரை டூர் வரலாற்றில் இவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்ததில்லை. இப்போது மொனாக்கோவில் ஆங்க்தில் வாங்கிய ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். பூலிடோர் 5 வினாடியில் ஜெயித்திருப்பார். ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்றை அவர் சரியாக எண்ணியிருந்தால்!

பேரேட்டின் மறுபக்கம்

அது ஆங்க்திலின் ஐந்தாவது பட்டம், கடைசிப் பட்டமும்கூட. 1965இல் எட்டு நாள் நடக்கும் தோஃபினே போட்டியை வென்ற கையோடு விமானம் ஏறி போர்தோ போனார். அன்று நள்ளிரவுக்குப் பின் தொடங்கிய 557 கிலோமீட்டர் போர்தோ–பாரிஸ் போட்டியையும் தூங்காமல் ஓட்டி வென்றார். கணக்குப்பிள்ளை என்று ஏசியவர்கள் அன்று எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த வருடம் பிரான்ஸின் உயர்ந்த விருதான லெஜியோன் தொனரும் கிடைத்தது. ஆனால் அதே 1966இன் டூரில், தான் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் பூலிடோர் ஜெயிக்கக் கூடாது என்று தன் அணியின் லூசியான் எமாருக்கு உதவினார். எமார்தான் ஜெயித்தார். இது வரவா செலவா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஊக்க மருந்து. அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் பலர் எடுத்தார்கள். ஆங்க்தில் அதை மறைக்காமல் வெளிப்படையாகவே பேசினார். இத்தனை தூரத்தை வெறும் தண்ணீரில் ஓட்ட முடியாது என்பது அவர் வாதம். 1967 ஜூலையில் டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய வீரர் மோன் வான்டூ மலையில் சுருண்டு விழுந்து இறந்தார். உடம்பில் ஊக்க மருந்து இருந்தது. அதே வருடம் செப்டம்பரில் ஆங்க்தில் ஒரு மணி நேரத்தில் 47.493 கிலோமீட்டர் ஓட்டிப் புது சாதனை செய்தார். ஓடுதளத்திலேயே சிறுநீர்ச் சோதனை கேட்டார்கள். மறுத்துவிட்டார். சாதனை ஏற்கப்படவில்லை. எல்லாக் கணக்கும் சரியாக எழுதியவர், இந்த ஒரு வவுச்சரை மட்டும் தர மறுத்தார். வவுச்சர் இல்லாத தொகையை எந்தத் தணிக்கைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். சரியான முடிவுதான் என்பது என் எண்ணம்.

1969இல் ஓய்வு பெற்றார். நார்மண்டியில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். பந்தயங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார், ஒலிபரப்பில் விளக்கம் சொன்னார். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. ஓய்வுக்குப் பிறகு அவரும் பூலிடோரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். இத்தனை வருடம் பகையில் எவ்வளவு நாளை வீணாக்கிவிட்டோம் என்று இருவருக்குமே வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

ஆங்க்திலுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. 1987 நவம்பர் 18 அன்று ரூவானில் காலமானார். வயது 53. கேன்காம்புவாவில்தான் அடக்கம். சாவதற்குக் கொஞ்சம் முன்னால் தன்னைப் பார்க்க வந்த பூலிடோரிடம், இந்த முறையும் நீ எனக்கு அடுத்துத்தான் வரப்போகிறாய் என்ற அர்த்தத்தில் வேடிக்கை பேசியதாகப் பூலிடோர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாவின் வாசலில் நின்றுகொண்டு நண்பனைச் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறார், பாருங்கள். வாழ்நாள் முழுக்க வினாடியைச் சேர்த்தவர், கடைசியில் அதைத் தாராளமாகச் செலவழித்துவிட்டுப் போனார்.

அந்தப் பூலிடோர் என்ன ஆனார்? 14 முறை டூர் ஓட்டினார். மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை போடவில்லை. 1973இல் தொடக்க ஓட்டத்தில் 0.80 வினாடியில் அதைத் தவறவிட்டார். ஆனாலும் சைக்கிளை விடவில்லை. 40 வயதில், 1976இல்கூட மூன்றாவதாக வந்தார். 2019இல் காலமானார். 2021இல் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மாத்யூ வான் டர் பூல் தன் முதல் டூரின் இரண்டாம் நாளே ஒரு குன்றின் மேல் ஜெயித்து, ஊக்க வினாடிகளும் சேர்ந்து, மஞ்சள் சட்டை போட்டார். கோட்டைத் தாண்டும்போது தாத்தாவுக்காக விரலை வானத்தை நோக்கிக் காட்டினார். தாத்தாவின் கணக்கில் ஊக்க நேரத்தால் போனது, பேரன் கணக்கில் ஊக்க நேரமும் சேர்ந்து வரவானது.

என் பாக்கி

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 அன்று நான்காவது சுற்று முடிகிற நேரத்தில், பக்கத்தில் நின்றவர் பராமரிப்புக் கட்டணம் பற்றி ஏதோ கேட்டார். நான் திரும்பிப் பதில் சொன்னேன். பிறகு மணி அடித்தேன். அடித்தேன் என்பது நிச்சயம். ஆனால் அந்தப் பையன் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் அடித்தேனா, தாண்டிய பிறகு அடித்தேனா? பிறகுதான். இரண்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அவன் எண்ணத் தவறிவிட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டபோது நான் சும்மா இருந்துவிட்டேன். அந்தக் காலத்தில் வங்கியில் அன்றைய கணக்கில் 55 பைசா இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடியிருக்கிறோம். அப்படிப்பட்டவன் ஒரு பிள்ளையின் கணக்கில் என் தவறை அவன் பெயரில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

ஜெயித்த பிள்ளையின் பரிசு அந்தப் பிள்ளைக்கே. ஐந்து சுற்றும் ஓட்டிய பிள்ளை அது. அதில் மாற்றமில்லை. ஆனால் சி பிளாக் தம்பி, தவறு உன்னுடையது இல்லை, மணி அடித்த இந்தத் தாத்தாவுடையது. போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்து உன் அப்பா அம்மா முன்னால் இதைச் சொல்லிவிட்டேன். ஊரறிய நடந்ததை ஊரறியத் திருத்த வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பொங்கல் விளையாட்டு விழாவுக்கு மறுபடியும் சைக்கிள் போட்டி வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மணியை வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று மணி அடிப்பவரிடம் தயவுசெய்து யாரும் பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேச வேண்டாம். நான் கைதட்டும் கூட்டத்தில் நிற்கிறேன்.

இன்று காலை நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே இருந்த சைக்கிளை யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள்.